பலாங்கொடைக் கறுப்புக் கல்லும் ஆனந்த குமாரசுவாமியும்



அணுவின் கட்டமைப்பு என்ற அலகைத் திறந்தவுடன் உங்களிற் பலர் சலிப்படைகிறீர்கள். இவையெல்லாம் வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் நடந்தவை, தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுகிறீர்கள். ருவான்வெல்லையில் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடமும் இந்த எண்ணத்தைக் கண்டிருக்கிறேன். ஆனால் நமது சப்ரகமுவ மாகாணத்தின் மாணிக்கக்கல் குழிகளில் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லுக்கு இந்த அலகின் வரலாற்றில் இடமுண்டு. அதை முதலில் ஆராய்ந்து விவரித்தவர் ஆனந்த குமாரசுவாமி. அவரது வாழ்க்கையோடு சேர்த்தே பாடத்தையும் படிப்போம்.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டசபை உறுப்பினராக இருந்த புகழ்பெற்ற தமிழர். தாய் எலிசபெத், ஆங்கிலேயப் பெண்மணி. மகனுக்கு இரண்டு வயது நிறையுமுன்பே 1879இல் தந்தை காலமானார். தாயின் அரவணைப்பில் இங்கிலாந்தில் வளர்ந்த ஆனந்தர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார்.

கலைப்பட்டதாரியாகிய நான் அவரை நடராசர் வடிவத்தின் பொருளை உலகுக்கு விளக்கிய அறிஞராகவே முதலில் அறிந்தேன். அவர் கையில் சுத்தியலுடன் பாறைகளைத் தேடி நடந்தவர் என்பது பின்னரே எனக்குத் தெரியவந்தது.

கறுப்புக் கல்

1903இல் அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் முதலாவது பணிப்பாளரானார். 1906 வரை அப்பதவியில் இருந்து நாட்டின் பல பாகங்களுக்கும் சென்று பாறைகளையும் கனிப்பொருள்களையும் ஆராய்ந்தார்.

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டுவதைக் கண்டிருப்பீர்கள். குழியிலிருந்து எடுக்கும் சரளையைக் கூடையில் இட்டு நீரில் சுழற்றிக் கழுவுவார்கள். இலேசான மணல் அள்ளுண்டு போகும். பாரமானவை கூடையின் அடியில் தங்கும். பலாங்கொடைப் பக்கத்தில் அவ்வாறு தங்கியவற்றுள் சிறிய, கறுத்த, சதுரமுகி வடிவான பளிங்குகள் சில இருந்தன. அவற்றின் பாரம் வியப்பூட்டியது. சாதாரண வெண்மணலின் அடர்த்தியைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமான அடர்த்தி அவற்றுக்கு இருந்தது.

1904இல் குமாரசுவாமி அதனை யுரேனினைற்று என்னும் யுரேனியக் கனிப்பொருளாக விவரித்தார். நிறமும் வடிவமும் பாரமும் அதற்குப் பொருந்தின. ஆயினும் லண்டனில் இம்பீரியல் நிறுவனத்தின் பணிப்பாளர் டன்ஸ்டன் அதனை இரசாயனப் பகுப்புக்கு உட்படுத்தியபோது வேறு விடை வந்தது. நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டே இருந்தது. யுரேனியம் குறைவாகவே காணப்பட்டது. ஆகவே அது ஒரு புதிய கனிப்பொருள். அதற்குத் தோரியனைற்று எனப் பெயரிடப்பட்டது. பெற்றோமக்ஸ் போன்ற விளக்குகளின் மென்டில் செய்யத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

பிள்ளைகளே, இங்கே சற்று நில்லுங்கள். முதலில் எழுதிய விடை பிழைத்தால் அதை மறைக்கப் பார்ப்பது நம்மிற் பலரது பழக்கம். பணிப்பாளரின் முதல் விடையும் திருத்தப்பட்டது. அதனால் அவர் பெயர் மங்கவில்லை. இன்றும் தோரியனைற்றின் வரலாறு அவர் பெயருடனேயே தொடங்குகிறது.

லண்டனில் நடந்தது

அதே காலத்தில் ஒட்டோ ஹான் என்னும் ஜேர்மனிய இளைஞர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் ராம்சேயிடம் பணிபுரிய வந்தார். குமாரசுவாமி படித்த அதே கல்லூரிதான். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட உப்பிலிருந்து ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அதைச் செய்யும்போது கதிர்த்தொழிற்பாடு மிக்க ஒரு புதிய பொருளை ஹான் 1905இல் கண்டார். அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார்.

பின்னர் ஒரு புதிர் எழுந்தது. ரேடியோதோரியத்தைத் தோரியத்துடன் கலந்தால், எந்த இரசாயன முறையாலும் மீண்டும் பிரிக்க முடியவில்லை. இதுபோன்ற வேறு சோடிகளும் கண்டறியப்பட்டன. 1913இல் சொடி என்னும் விஞ்ஞானி விடை கூறினார். இவை ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுடைய வடிவங்கள். அவையே சமதானிகள்.

ரேடியோதோரியம் என்பது தோரியம்-228 என்பதை இன்று அறிவோம். தோரியம்-232, தோரியம்-228 ஆகிய இரண்டின் அணுவெண்ணும் 90. ஆகவே இரண்டிலும் 90 புரோத்தன்கள், 90 இலத்திரன்கள். இரசாயன இயல்பைத் தீர்மானிப்பவை இலத்திரன்கள் என்பதால் அவ்வியல்பு ஒன்றே. வேறுபாடு கருவில் உள்ளது. முதலாவதில் 142 நியூத்திரன்கள். இரண்டாவதில் 138. இவ்வேறுபாட்டின் விளைவைப் பாருங்கள். தோரியம்-232 இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள். தோரியம்-228 இன் அரைவாழ்வுக்காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவு.

தேய்வின் வகைகள்

ஒன்றிலிருந்து மற்றது எவ்வாறு பிறக்கிறது? படிப்படியாக எழுதிப் பாருங்கள்.

1. தோரியம்-232 ஓர் அல்பாத் துணிக்கையை வெளிவிடும். அது 2 புரோத்தன்களும் 2 நியூத்திரன்களும் கொண்ட ஹீலியம் கரு. அணுவெண் 2ஆல் குறையும், திணிவெண் 4ஆல் குறையும். கிடைப்பது ரேடியம்-228 (அணுவெண் 88).

2. ரேடியம்-228 ஒரு பீற்றாத் துணிக்கையை வெளிவிடும். கருவில் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாற, ஓர் இலத்திரன் வெளியேறும். அணுவெண் 1ஆல் கூடும், திணிவெண் மாறாது. கிடைப்பது அக்டினியம்-228 (அணுவெண் 89).

3. மீண்டும் ஒரு பீற்றாத் தேய்வு. கிடைப்பது தோரியம்-228 (அணுவெண் 90).

காமாக் கதிர் துணிக்கையன்று, சக்தி மாத்திரமே. அது வெளியேறுவதால் அணுவெண்ணும் திணிவெண்ணும் மாறா.

பீற்றாத் தேய்வில் அணுவெண் குறையும் என எழுதிப் புள்ளியை இழப்போர் பலர். நீங்கள் இழக்க வேண்டாம். தோரியனைற்றினுள் ஹீலியம் வாயு அடைபட்டிருப்பதும் அறியப்பட்டது. அந்த வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கு முதலாவது படி விடை தரும்.

பிற்கால வாழ்க்கை

பாறைகளைத் தேடி ஊரூராகச் சென்ற குமாரசுவாமி, நம் நாட்டின் கைவினைகள் அழிந்து வருவதையும் கண்டார். அவற்றைக் காப்பதில் அவர் மனம் சென்றது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் பணியாற்றினார். 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி மறைந்தார். ஹான், அணுக்கருப் பிளவைக் கண்டறிந்தமைக்காக 1944ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த இரு கற்களைப் பகுப்பாய்வு வேறுபடுத்தியது. இரசாயனத்தில் ஒன்றுபோல் இருந்த இரு தோரியங்களைக் கரு வேறுபடுத்தியது. இந்த இரண்டையும் மனதில் வைத்தால் சமதானி என்ற சொல்லை மனனம் செய்ய வேண்டியதில்லை.

பயிற்சி

யுரேனியம்-238 (அணுவெண் 92) ஓர் அல்பாத் துணிக்கையை வெளிவிட்டால் கிடைக்கும் கருவின் அணுவெண், திணிவெண், நியூத்திரன்களின் எண்ணிக்கை யாவை? அது தோரியம்-232 இன் சமதானியா? காரணம் தருக.

விடை: 90, 234, 144. ஆம். அணுவெண் சமன், திணிவெண் வேறு.

விடையைப் பார்க்குமுன் நீங்களே செய்து பாருங்கள். பிழைத்தால் வெட்டிவிட்டு மீண்டும் எழுதுங்கள்.