சுமை பகிர்ந்த சகோதரி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உயர்சாதி வீடொன்றில் பத்து வயதுச் சிறுமி கணவனை இழந்தால், அத்துயரம் அவளோடு நிற்பதில்லை. அவளுக்குப் பூவும் பொட்டும் வண்ணச் சேலையும் மறுக்கப்பட்டன. பருவமெய்தியதும் தலைமுடியும் களையப்பட்டது. அவளைத் தம் காலத்திற்குப் பின் காப்பவர் யார் என்னும் கவலை தந்தையை அரித்தது. மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் தாய் அஞ்சினாள். சடங்குகள் குறையின்றி நடக்கின்றனவா என்று பார்க்கச் சுற்றத்தார் திரண்டு வந்தனர். பார்த்து முடித்ததும் கலைந்து சென்றனர். சுமை அந்த ஒரு வீட்டின் மேலேயே தங்கிவிட்டது. அத்தகைய வீடுகளுக்குத் துணையாய் நின்றவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரும் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் மகளே.

சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. தஞ்சை மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட வைதிகக் குடும்பம் அது. ஒன்பது வயதில், நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார் அவர். அவ்வெற்றியால் அக்கால வழக்கம் மாறிவிடவில்லை. இளவயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. சிறிது காலத்திற்குள் கணவர் இறந்தார்.

இங்கேதான் அக்குடும்பம் பிற குடும்பங்களினின்றும் வேறுபட்டது. மகளை மூலையில் அமர்த்தப் பெற்றோர் உடன்படவில்லை. தந்தை அவருக்கு வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்ப் பள்ளிக்கும் அனுப்பினார். இளமையிலேயே கைம்மையுற்ற சிற்றன்னை வாலாம்பாள் வீட்டுப் பொறுப்புகளைத் தாங்கித் துணை நின்றார். உறவினரின் பழிச்சொல்லுக்கும் புறக்கணிப்புக்கும் குறைவில்லை. கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றபோது அவர்களின் தொண்டு வாழ்வு சுப்புலட்சுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் சமயத்திலேயே நிலைத்திருந்து, அவர்களைப் போலவே வாழ்வைப் பிறருக்கு ஈவது என்று அவர் உறுதிபூண்டார். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

தமக்குக் கிடைத்த பெற்றோர் எல்லாச் சிறுமியர்க்கும் வாய்ப்பதில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். மகளைப் படிக்கவைக்க விரும்பிய தந்தையர் பலர் இருந்தனர். ஊராரை எதிர்த்துத் தனித்து நிற்கும் துணிவுதான் அவர்களுக்கு இல்லை. எனவே, கைம்மையுற்ற சிறுமியர் சிலரைத் தம் பெற்றோர் வீட்டிலேயே தங்கவைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். அதுவே சாரதா இல்லத்தின் தொடக்கம். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தையும் நிறுவினார். ஒரு குடும்பத்தின் கனிவாகத் தொடங்கிய பணிக்குப் பல குடும்பங்களின் ஆதரவைத் திரட்டிய அமைப்பு அது.

அரசு அவருக்குக் கைகொடுத்ததற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. பெண் ஆசிரியர் இல்லாத பள்ளிக்குப் பெண்களை அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம் அது. ஆசிரியப் பணிக்கு வரும் பெண்களோ மிகச் சிலர். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த இளங்கைம்பெண்களைப் பயிற்றுவித்தால் அக்குறை நீங்கும் என்பதைச் சுப்புலட்சுமி உணர்ந்திருந்தார். மகளிர் பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றிய கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையாரும் உணர்ந்திருந்தார். இருவரின் முயற்சியால் இல்லத்திற்கு அரசின் உதவி கிட்டியது. வீட்டுக்குப் பாரம் என்று எண்ணப்பட்டவள் ஊருக்கு ஆசிரியையாகித் தன் ஊதியத்தில் வாழ வழி பிறந்தது.

சிறுமியர் தொகை பெருகவே, இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். எதிரே வந்தாலே தீய சகுனம் என்று ஊர் ஒதுக்கிய பெண்கள், கடற்காற்று வீசும் அம்மாளிகையில் படித்தனர், விளையாடினர், ஒருவருக்கொருவர் உறவாயினர்.

இல்லத்தின் உணவு முறையிலும் ஒழுக்க நெறிகளிலும் வைதிக வழக்கங்களே பின்பற்றப்பட்டன. தொடக்கத்தில் பிராமணச் சிறுமியரே சேர்க்கப்பட்டனர். சீர்திருத்தத்தில் விரைவை விரும்பியவர்களுக்கு இது குறையாகவே பட்டது. இன்று நோக்குவோர்க்கும் அப்படித் தோன்றுவது இயல்பே. அவ்வழக்கங்களை முதலிலேயே கைவிட்டிருந்தால் எந்தத் தாயும் தன் மகளை அங்கு விட்டுச் சென்றிருக்க மாட்டாள் என்பதும் உண்மை. சிறுமியைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் காப்பாற்றுவதைவிட, குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்று அவளைக் கரையேற்றுவதே சுப்புலட்சுமி மேற்கொண்ட வழி. எனினும் அவருடைய அக்கறை ஒரு சாதியோடு அடங்கிவிடவில்லை. கடற்கரைக் குப்பத்து மீனவர் பிள்ளைகளுக்காகவும் ஒரு பள்ளியை உருவாக்கினார்.

1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது அவரே அதன் முதல் முதல்வரானார். பதினெட்டு வயதைக் கடந்த கைம்பெண்களை அரசு இல்லத்தில் சேர்க்க விதிகள் இடந்தரவில்லை. வயது கடந்தவர்கள் எங்கே செல்வார்கள்? அவர்களுக்கும் இடமளிக்கும் நோக்கில் சாரதா வித்யாலயத்தை விடுதியோடு அமைத்தார். பின்னாளில் அப்பள்ளியை இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த அமைப்பு ஏற்று நடத்தியது.

குழந்தைக் கைம்மைக்கு வேர் குழந்தை மணமே. அதனைத் தடுக்கும் சட்டம் பற்றி ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் சுப்புலட்சுமி தம் கருத்தை எடுத்துரைத்தார். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சட்டம் வருமுன்னரே கைம்மையுற்ற சிறுமியர் எண்ணற்றோர் இருந்தனர்; ஆகவே இல்லத்தின் பணி தொடர்ந்தது.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தார் வேண்டியதற்கிணங்க அவர் உருவாக்கிய பள்ளியே பின்னர் வித்யா மந்திர் எனப் பெயர் பெற்றது. 1958இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதற்கு முன்பே, 1954இல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூகப் பணி மையம் அமையத் துணைநின்றிருந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, அவர் மறைந்தார்.