பூனைக்குட்டியின் தந்தை

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எங்கள் தெருவில் என் பூனைமீது ஒரு வழக்கு இருக்கிறது. வள்ளங்கள் கரைசேரும் இடத்தில், வலைக்குவியலுக்குள் கத்திக்கொண்டு கிடந்த குட்டி அது. தூக்கிய முதல் நாளே என் கையைப் பிறாண்டியது. இன்றும் ஓரிடத்தில் இருக்காது. மதிலேறிக் குதிக்கும்; பக்கத்து வீட்டில் காயப்போட்ட கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதைக் கட்டிப்போடச் சொல்கிறார் ஒருவர். உரப்பையில் போட்டுத் தூரத்தில் எங்காவது விட்டுவிடச் சொல்கிறார் இன்னொருவர். இருவரும் பள்ளிவாசலில் என்னோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள். அவர்களுக்கும் எனக்குமாகத்தான் அபூஹுரைரா (ரழி) அவர்களின் வாழ்வை இங்கே நினைவூட்டுகிறேன்.

அவர்கள் யமன் தேசத்தின் தவ்ஸ் கோத்திரத்தவர். குடும்பத்தின் ஆடுகளை மேய்த்த காலத்தில் அவர்களிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் விடுவார்கள். பகலில் மேய்ச்சலுக்குக் கூடவே கொண்டுபோய் விளையாடுவார்கள். அதைக் கண்டவர்கள் பூனைக்குட்டியின் தந்தை என்று பெயர் வைத்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அபூஹிர் என்று அன்போடு அழைத்தார்கள். அப்துர் ரஹ்மான் என்ற பெயர் இருந்தும், உலகம் அவர்களை அறிந்திருப்பது அந்தக் குட்டியின் பெயரால்தான்.

ஹிஜ்ரி 7இல், கைபர் போர்க் காலத்தில் மதீனா வந்து திண்ணைத் தோழர்களில் ஒருவரானார்கள். பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிய நாட்கள் உண்டு. மிம்பருக்கும் ஆயிஷா (ரழி) அவர்களின் அறைக்கும் இடையே மயங்கி விழுந்ததும் உண்டு. பைத்தியம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது பசி.

பிற்காலத்தில் உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் பஹ்ரைனின் ஆளுநரானார்கள். பதவி வந்தபோதும் பூனைக்குட்டியின் பெயர் போகவில்லை. ஹிஜ்ரி 57க்கும் 59க்கும் இடைப்பட்ட காலத்தில் மதீனாவில் மறைந்தார்கள். அவர்கள் அறிவித்த நபிமொழிகள் 5374 என்பர்.

அவற்றில் ஒன்று, பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததைச் சொல்கிறது. மற்றொன்று, தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டிய பாவியான பெண் மன்னிக்கப்பட்டதைச் சொல்கிறது. பசியால் விழுந்து எழுந்த ஒருவர் வழியாக இவை நமக்கு வந்து சேர்ந்திருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற நபிமொழியை அறிவித்தவரும் அதே அபூஹுரைரா (ரழி) அவர்கள்தான். அதனால் தீர்ப்பு என் பூனைக்குச் சாதகமாக மட்டும் இல்லை. போன கருவாட்டுக்கு நான் காசு கொடுத்துவிட்டேன். விடிந்ததும் மீன் தலைகளை அவித்து, அதன் வயிறு நிறைந்த பிறகே கதவைத் திறக்கிறேன். திருட்டு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

இனி வரும் நட்டமும் என் கணக்கில்தான். கயிறும் உரப்பையும் மட்டும் வேண்டாம். பூனையின் பசிக்கும் அண்டை வீட்டாரின் நட்டத்துக்கும் நாளை பதில் சொல்ல வேண்டியவன் நான். அல்லாஹ் நம் உள்ளங்களை இளக்கி வைப்பானாக.