பூனைக்குட்டியின் தந்தை: அபூஹுரைரா (ரலி)

ஜும்ஆ பயானானாலும் ரமலான் மாத மஜ்லிஸானாலும், ஒரு ஹதீஸ் சொல்லப்பட்டால் அதை அறிவித்தவர் பெயர் பெரும்பாலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் என்றே வரும். மதரஸாவில் ஓதிய நாள் முதல் நாமெல்லாம் கேட்டுப் பழகிய பெயர். பூனைக்குட்டியின் தந்தை என்பது அதன் பொருள் என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? எலிக்குப் பயந்து கடைதோறும் பூனை வைத்திருக்கும் வியாபாரிகள் நாம். அதிலும் இருப்பது வெயில் நாடு. ஆகவே அன்னாரின் சரித்திரத்தில் நமக்குச் சொந்தமான ஒரு பங்கு உண்டு.

அன்னார் யமன் பக்கத்து மலைநாட்டில் வாழ்ந்த தௌஸ் கோத்திரத்தவர். இஸ்லாத்தில் அன்னாருக்கு அமைந்த பெயர் அப்துர் ரஹ்மான் என்பதே பிரபலமான சொல். இளம் பிராயத்தில் வீட்டாரின் ஆடுகளை மேய்த்து வந்தார்கள். அப்போது ஒரு சின்னஞ்சிறு பூனைக்குட்டி அன்னாரிடம் இருந்தது. இரவானால் அதை ஒரு மரத்தின் மேல் வைத்துவிடுவார்கள். பொழுது விடிந்ததும் இறக்கித் தம்மோடு மேய்ச்சலுக்குக் கொண்டு போய் விளையாடுவார்கள். இதைக் கண்ட ஊரார் வைத்த பட்டப்பெயர்தான் அபூஹுரைரா. திர்மிதீயில் அன்னாரே சொன்னதாக இது பதிவாகியுள்ளது. பகல் முழுதும் குட்டியைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகாமல் கூடவே வைத்திருந்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆடு நிழலுக்கு ஒதுங்கினால் குட்டியும் ஒதுங்கியிருக்கும். ஆட்டுக்குத் தண்ணீர் கிடைத்த இடத்தில் குட்டிக்கும் கிடைத்திருக்கும்.

துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் அழைப்பால் தௌஸ் கோத்திரத்தில் இஸ்லாம் பரவியது. ஹிஜ்ரி 7-ல், அதாவது கி.பி. 628-ல், கைபர் போர்க் காலத்தில் அபூஹுரைரா (ரலி) மதீனா வந்து சேர்ந்தார்கள். வரும் வழியில் அன்னாரின் அடிமை ஒருவர் பிரிந்து போய்விட்டார். பின்னர் அவர் வந்து சேர்ந்தபோது, அல்லாஹ்வுக்காக அவரை அந்த இடத்திலேயே விடுதலை செய்துவிட்டார்கள்.

மதீனாவில் வீடு வாசல் கிடையாது. பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களோடு சேர்ந்துகொண்டார்கள். பசி பொறுக்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிய நாட்களும் உண்டு. ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் பால் வந்தது. பசியோடு நின்ற இவரிடம், திண்ணைத் தோழர் எல்லாரையும் அழைத்து வரச் சொன்னார்கள். நமக்கு என்ன மிஞ்சும் என்று மனத்துக்குள் கலங்கியபடியே போய் அழைத்து வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அனைவரும் வயிறாரக் குடித்த பிறகும் பால் இருந்தது. அதன்பின் இவரும் போதும் போதும் என்னுமளவு குடித்தார்கள். எஞ்சியதை நாயகம் (ஸல்) அவர்கள் கடைசியாக அருந்தினார்கள். இந்தச் சம்பவத்திலும் இவரைச் செல்லமாக அபூஹிர் என்றே அழைத்தார்கள். அதுவும் பூனைப் பெயர்தான்.

மக்காத் தோழர்கள் கடைவீதி வியாபாரத்திலும் மதீனாத் தோழர்கள் தோட்டந்துரவிலும் மூழ்கியிருந்தபோது, தாம் நாயகத்தின் வாசலை விட்டு நகராதிருந்ததே இத்தனை ஹதீஸ் தமக்குத் தெரியக் காரணம் என்று பிற்காலத்தில் விளக்கினார்கள். வியாபாரிகளுக்கு இது சற்றுச் சுடத்தான் செய்யும். கூட இருந்தது ஏறத்தாழ நான்கே ஆண்டு. அறிவித்தவையோ, திரும்பத் திரும்ப வந்தவையும் சேர்த்து, 5374 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அவற்றில் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். கடும் வெயில் நாளில், தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டுக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு நாய்க்கு, நடத்தை கெட்ட ஒரு பெண் தன் காலணியைக் கழற்றித் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவள் பாவம் மன்னிக்கப்பட்டது. இன்னொரு பெண் பூனையை அடைத்து வைத்தாள். தானும் தீனி போடவில்லை, பூமியில் உள்ளதைத் தேடித் தின்ன வெளியே விடவும் இல்லை. அவள் நரகத்துக்குரியவளானாள். இரண்டாவது ஹதீஸை இப்னு உமர் (ரலி) அவர்களும் அறிவித்திருக்கிறார்கள்.

நிற்க. இந்த ஹதீஸைச் சிறுவயதில் ஓதி, பிறருக்கும் பலமுறை சொன்னவர்கள் நாம். அப்படியிருந்தும் ஒரு பெருநாள் விடுமுறைக்குக் கடை பின்னாலுள்ள தகரக் கூரைக் கிட்டங்கியைப் பூட்டிவிட்டுப் போனோம். மூட்டைகளுக்குப் பின்னால் பூனை இரண்டு குட்டிகளோடு கிடந்ததைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது சரியன்று, தேடவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. தாய்ப்பூனை கதவோரம் வாயைப் பிளந்து நாய்போல் இரைத்துக் கொண்டிருந்தது. ஒரு குட்டி உயிரோடில்லை.

மிருக வைத்தியர் சொல்லித்தான் பல விஷயம் நமக்குத் தெரிந்தது. பூனைக்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டுமே வியர்வை வரும். வாய் திறந்து இரைத்தால் ஆபத்து என்று அர்த்தம். அதன் உடல் வெப்பம் 38, 39 டிகிரியில் இருக்க வேண்டியது. 40-ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. பனிக்கட்டித் தண்ணீரைத் தலையோடு ஊற்றாமல், சாதாரணக் குளிர்ந்த நீரால் பாதம், வயிறு, காதுகளை நனைத்து, காற்றோட்டம் கொடுத்து உடனே வைத்தியரிடம் கொண்டு போகவேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை மத்திய கிழக்கின் காட்டுப் பூனைதான் என்று 2007-ல் வந்த மரபணு ஆய்வு காட்டுகிறது. வறண்ட நிலத்தில் பிழைத்த வம்சம், ஆகவே தாகமெடுத்தாலும் அதிகம் குடிக்காது. அதனால் தண்ணீரை அதன் பார்வையில் படும்படி வைப்பது நம் பொறுப்பாகிறது. இப்போது மண்சட்டி ஒன்று அஞ்சடியிலும் ஒன்று உள்ளேயும் இருக்கிறது. காலை நிழலில் வைத்த சட்டி மதியம் வெயிலில் நிற்கும் என்பதால் இடம் மாற்றவும் ஆள் வைத்திருக்கிறோம். கிட்டங்கி பூட்டுமுன் மூட்டைச் சந்துகளையும், லோரி புறப்படுமுன் அதன் உட்புறத்தையும் பார்க்காமல் போவதில்லை.

தண்ணீர்ச் சட்டி விஷயத்தில் இன்னொரு சஹாபியும் நினைவுக்கு வருகிறார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் ஒலுச் செய்ய மருமகள் தண்ணீர் எடுத்து வைத்தபோது ஒரு பூனை வந்தது. அது குடித்து முடிக்கும் வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக் கொண்டிருந்தார்கள். இது ஆதாரமுள்ள செய்தி. நாயகம் (ஸல்) அவர்கள் தூங்கும் பூனைக்காகச் சட்டைக் கையை வெட்டினார்கள் என்று பலர் சொல்லும் கதையோ ஹதீஸ் கிதாபுகளில் இல்லை.

அபூஹுரைராவின் பிற்காலத்துக்கு வருவோம். உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் பஹ்ரைனுக்கு அதிகாரியாக அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தபோது கையிலிருந்த பணத்துக்குக் கலீஃபா கணக்குக் கேட்டார்கள். குதிரை பெருகியதும் பிற வருமானமும் என்று கணக்குச் சொன்னார்கள். பிறகு மீண்டும் பதவி கொடுத்தபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். முதுமையில் மதீனாவின் ஆளுநர் மர்வானுக்குப் பகரமாகப் பொறுப்பு வகித்த நாட்களிலும் விறகுக் கட்டை முதுகில் சுமந்து கடைவீதி வழியே வருவார்கள். உங்கள் அமீருக்கு வழி விடுங்கள் என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

அன்னார் வஃபாத்தான ஆண்டை ஹிஜ்ரி 57, 58, 59 என்று மூவிதமாகச் சொல்வர். வயது 78. இறுதி நோயில் அழுதார்கள். இந்த உலகத்துக்காக அழவில்லை என்றும், பயணம் நெடியது, கட்டுச்சோறு குறைவு என்பதற்காகவே அழுகிறேன் என்றும் சொன்னார்கள். மதீனாவின் பகீஃ மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். தாய் தந்தை வைத்த பெயர் எதுவென்று ஆலிம்கள் இன்றும் பல சொல் சொல்கிறார்கள். குட்டியால் வந்த பெயரில் மட்டும் இரண்டு சொல் இல்லை.