பேரண்டத்திற்கு அளவுகோல் தந்த பெண்மணி

இரவு வானில் மின்னும் விண்மீன்களைக் கண்டு வியக்காதவர் இலர். ஆனால், அவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்ற கேள்விக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வானியல் அறிஞர்களிடமே முழுமையான விடை இல்லை. இன்று ஹப்பள், ஜேம்ஸ் வெப் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளின் பெயர்கள் நமக்கு நன்கு பழகிவிட்டன. பேரண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்ற விவாதம் நாளிதழ்களிலும் இடம்பெறுகிறது. இந்த விவாதத்தின் அடித்தளத்தில் ஒரு பெண்மணியின் உழைப்பு இருக்கிறது. அவர்தாம் ஹென்ரியேட்டா சுவான் லெவிட் அம்மையார். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில், அவருடைய வாழ்க்கையை நம் சங்க நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

லெவிட் 1868ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லங்காஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஒரு கிறிஸ்துவப் போதகர். அக்காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பெண்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால், பின்னாளில் ராட்கிளிஃப் கல்லூரி எனப் பெயர் பெற்ற மகளிர் கல்விக்கூடத்தில் பயின்று, 1892இல் படிப்பை முடித்தார். இறுதியாண்டில்தான் வானியல் பாடம் எடுத்தார். அந்த ஒரு பாடம் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. மறு ஆண்டே ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஊதியமில்லாத் தொண்டராகச் சேர்ந்தார்.

இடையில் சில ஆண்டுகள் அப்பணியிலிருந்து விலகி, ஐரோப்பாவிலும் விஸ்கான்சின் மாநிலத்திலும் இருந்தார். படிப்படியாகச் செவித்திறனும் குறைந்து வந்தது. இருந்தும் வானியல் ஆர்வம் குன்றவில்லை. மீண்டும் ஹார்வர்டுக்கு வந்தபோது, இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங் மணிக்கு 30 சென்ட் ஊதியம் தந்தார். மற்ற பெண்களுக்குக் கிடைத்த 25 சென்டைவிட அது சற்று அதிகம்.

அந்தப் பெண்கள் ‘கணிப்பாளர்கள்’ என்று அழைக்கப்பட்டனர். தொலைநோக்கியை இயக்கும் பணி ஆண்களுடையது. தொலைநோக்கி எடுத்த கண்ணாடிப் படத்தட்டுகளை ஆராய்ந்து, ஒவ்வொரு விண்மீனின் ஒளியளவையும் குறித்து வைப்பது பெண்களின் பணி. எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் உரிமை லெவிட்டுக்கு இல்லை. பிக்கரிங் அவருக்கு ஒதுக்கியது, ஒளி கூடிக் குறையும் ‘மாறொளிர் விண்மீன்’களைத் தேடும் பணி. ஒரு நாள் எடுத்த தட்டின் மேல் வேறொரு நாள் எடுத்த தட்டை வைத்து, புள்ளிகளில் எது பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது என்று உருப்பெருக்கியின் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்!

அவர் ஆராய்ந்த தட்டுகளுள் பல, தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அரெக்கிப்பா என்னும் இடத்திலிருந்து வந்தவை. அவற்றில் பெரிய மெகல்லன் முகில், சிறிய மெகல்லன் முகில் என்னும் இரு விண்மீன் கூட்டங்கள் பதிவாகியிருந்தன. லெவிட் பணியாற்றிய வட பகுதியில் இவ்விரண்டும் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நமக்கோ அந்த வாய்ப்பு உண்டு. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நோக்கினால், ஆண்டிறுதி மாதங்களில் அவை தெற்கே தாழ்வாக எழுகின்றன. நகர விளக்குகள்தாம் அவற்றை நம் கண்ணிலிருந்து மறைத்து விடுகின்றன.

1908இல், அவ்விரு முகில்களிலும் 1,777 மாறொளிர் விண்மீன்களைக் கண்டறிந்து லெவிட் பட்டியலிட்டார். பட்டியலிடுவதோடு அவர் பணி முடிந்திருக்கலாம். ஆனால், அவர் மேலும் ஒன்றைக் கவனித்தார். அவற்றுள் 16 விண்மீன்களை ஒப்பிட்டபோது, அதிக ஒளியுடையவை கூடிக் குறைய அதிக நாள் எடுத்துக்கொள்வது தெரிந்தது. 1912இல் சிறிய முகிலிலுள்ள 25 விண்மீன்களைக் கொண்டு இதனை உறுதி செய்தார். அவற்றுள் விரைவாக மாறுவதற்கு ஒன்றேகால் நாள் போதும். மெதுவாக மாறுவதற்கு 127 நாள் தேவை. வரைபடத்தில் இட்டபோது புள்ளிகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்தன.

இதில் அப்படியென்ன சிறப்பு என்று நீங்கள் கேட்கலாம். இரவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் செல்லும்போது எதிரே ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அது அருகில் வரும் மோட்டார் சைக்கிளா, தொலைவில் வரும் லாரியா? விளக்கின் உண்மையான ஆற்றல் தெரிந்தால்தான் தொலைவைச் சொல்ல முடியும். விண்மீன்களுக்கும் இதே சிக்கல்தான். ஒரே முகிலில் உள்ள விண்மீன்கள் அனைத்தும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கின்றன. ஆகவே, அங்கே கூடுதலாக ஒளிர்வது உண்மையிலேயே ஆற்றல் மிக்கது. இதனால், ‘செபீட்’ எனப்படும் இவ்வகை விண்மீன் கூடிக் குறையும் நாள்களை எண்ணினாலே அதன் உண்மையான ஆற்றலை அறியலாம். ஆற்றலை அறிந்தால் தொலைவைக் கணக்கிடலாம்.

ஆனால், இந்த அளவுகோலில் இன்னும் எண்கள் குறிக்கப்படவில்லை. அதற்குச் சில செபீட்களின் தொலைவையாவது வேறு வழியில் அளந்தாக வேண்டும். அப்படி அளக்கப்பட வேண்டும் என்ற விருப்பத்தை லெவிட் அந்த 1912 அறிக்கையிலேயே தெரிவித்தார். அறிக்கை பிக்கரிங்கின் பெயரில் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் லெவிட் என்ற குறிப்பு தொடக்கத்தில் இடம்பெற்றது. 1913இல் எய்னார் ஹெர்ட்ஸ்பிரங் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர் முதன்முறையாக அந்த அளவுகோலில் எண்களைக் குறிக்க முயன்றார். லெவிட்டுக்கோ வேறு பணி காத்திருந்தது. வடதுருவத்தை ஒட்டிய 96 விண்மீன்களின் ஒளியளவைத் துல்லியமாக வரையறுக்கும் அப்பணிக்காக, 13 தொலைநோக்கிகள் எடுத்த 299 தட்டுகளை ஆராய்ந்தார். தாம் திறந்த கதவின் வழியே தாமே நடந்து செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

தம் வாழ்நாளில் ஏறத்தாழ 2,400 மாறொளிர் விண்மீன்களைக் கண்டறிந்தார். அன்று அறியப்பட்டிருந்தவற்றுள் அது பாதியளவு. 1921 டிசம்பர் 12ஆம் நாள், தமது 53ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, எட்வின் ஹப்பள் ஆண்ட்ரோமீடாவில் ஒரு செபீட் விண்மீனைக் கண்டார். லெவிட்டின் முறையைப் பயன்படுத்தித் தொலைவைக் கணக்கிட்டார். ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனியொரு விண்மீன் மண்டலம் என்பது தெளிவானது. 1929இல், தொலைவிலுள்ள மண்டலங்கள் விலகிச் செல்கின்றன என்பதையும் அவர் காட்டினார். 1925இல் சுவீடன் கணித அறிஞர் மித்தாக்-லெஃப்லர், நோபல் பரிசுக்கு லெவிட்டை முன்மொழியும் எண்ணத்தோடு கடிதம் எழுதினார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

லெவிட் 1912இல் வெளியிட்ட விருப்பம் என்னவாயிற்று? ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013இல் அனுப்பிய கையா விண்கலம், 2025 தொடக்கம் வரை விண்மீன்களின் இடத்தை அளந்தது. செபீட்களின் தொலைவை நேரடியாகக் கணக்கிட அதன் அளவுகள் உதவின. ஒரு நூற்றாண்டு கடந்து அவ்விருப்பம் நிறைவேறியது! அந்த அளவுகோலைக் கொண்டு 2022இல் ஆடம் ரீஸ் குழுவினர், 32 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டுக்கு விநாடிக்கு 73 கிலோமீட்டர் என்ற வீதத்தில் பேரண்டம் விரிவதாக அறிவித்தனர். பேரண்டத்தின் மிகப் பழைய ஒளியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலத்தின் முடிவோ 67 என்கிறது. செபீட் அளவில் பிழையிருக்குமோ என்று ஐயுற்ற அறிஞர்கள், 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு சோதித்தனர். ஹப்பள் தொலைநோக்கி எடுத்த செபீட் அளவுகள் சரியே என்று 2023இல் தெரிய வந்தது. ஆயினும், வேறு வகை விண்மீன்களையும் கொண்டு அளந்த மற்றொரு குழு 70ஐ ஒட்டிய விடையை 2024இல் தந்தது. இந்த வேறுபாடு உண்மையென உறுதியானால், பேரண்டத்தைப் பற்றி நாம் அறிந்த இயற்பியலே மாற நேரிடும்.

லெவிட்டின் கதையைப் பலர் வெறும் அநீதியின் கதையாகவே சொல்கின்றனர். அநீதி இருந்தது உண்மைதான். ஆனால், அவரை நினைத்து இரங்குவதோடு நின்றுவிட்டால், அவர் செய்ததை நாம் மறந்தவர்களாவோம். நம்மில் பலர் நாளை ஒரு பேராசிரியரின் ஆய்வகத்திலோ ஒரு நிறுவனத்தின் மூலையிலோ அமர்ந்து, பிறர் கேட்ட எண்களைப் பட்டியலில் நிரப்பப்போகிறோம். வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லாதிருக்கலாம். அந்த எண்களினூடே ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் காணும் உரிமையை யாரும் பறித்துவிட முடியாது. லெவிட் அம்மையார் அந்த உரிமையைப் பயன்படுத்தினார். அதனால்தான், அவர் வரைந்த கோட்டை இன்றும் பேரண்டத்தின் மீது வைத்து அளந்துகொண்டிருக்கிறோம்.