அரண்மனையில் ஒரு வேதசாட்சி

திருவாடானைப் பக்கத்துப் பிள்ளைகளாகிய நமக்கு ஓரியூர் புதிய ஊர் அன்று. பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் வீட்டில் பெரியவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது அங்குள்ள செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து பிள்ளைகளின் நெற்றியில் பூசுவார்கள். நம் தோழியர் எத்தனை பேருக்குப் பிரிட்டோ என்றோ அருளானந்து என்றோ அண்ணன் தம்பிமார் இருக்கிறார்கள்! புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு இறந்தார் என்பது ஒன்றாம் வகுப்புச் சிறுமிக்கும் தெரியும். ஆனால் அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது உடனிருந்த பிள்ளைகளால் பட்ட பாடு நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த ஆண்டு மலருக்கு அதையே எழுத விரும்பினேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜான். பிரிட்டோ குடும்பம் அரசருக்கு நெருங்கிய பிரபுக் குடும்பம். தந்தை பிரேசில் நாட்டிலுள்ள ரியோ டி ஜெனிரோவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு, பதவியில் இருந்தபோதே 1651-இல் இறந்துபோனார். கடைக்குட்டியான ஜானுக்கு அப்போது வயது நான்கு. கடலுக்கு அப்பால் போன தந்தையின் முகம் அந்தக் குழந்தைக்கு நினைவிருந்திருக்குமா? விதவையான தாய்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

ஒன்பது வயதளவில் ஜான் அரண்மனைக்கு அனுப்பப்பட்டான். இளவரசர் பேத்ரோவுக்கு ஏறக்குறைய அதே வயது. அவருடன் சேர்ந்து படிக்கவும் விளையாடவும் பெருங்குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே இருந்தனர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என்ன குறை? பட்டாடை, நல்ல உணவு, இளவரசரின் நட்பு எல்லாம் இருந்தன. ஆனால் பிள்ளைகள் கூடும் இடம் அரண்மனையானால் என்ன, ஓட்டுக் கட்டடமானால் என்ன, ஒருவனைத் தனியே பிரித்துக் கேலி செய்யும் வழக்கம் எங்கும் உண்டு போலிருக்கிறது. ஜான் அடக்கமானவன், செபத்திலும் படிப்பிலும் நாட்டமுள்ளவன். மற்றவர்கள் போகும் போக்கில் அவன் போகவில்லை. அதுவே அவர்கள் கண்ணை உறுத்தியது. சீண்டினார்கள், பரிகாசம் செய்தார்கள், துன்புறுத்தினார்கள். அவன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டதைக் கண்டு அரண்மனையில் அவனுக்கு ஒரு பெயரே வந்துவிட்டது. வேதசாட்சி என்பதே அந்தப் பெயர்.

பின்னாளில் அது பலித்தது என்று நாம் வியக்கிறோம். ஆனால் ஒன்பது வயதுப் பையன் காதில் அந்தப் பெயர் எப்படி விழுந்திருக்கும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். தனக்கு என்ன நேரப் போகிறது என்று அவனுக்குத் தெரியாதே! அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் சொந்தப் பெயரால் தன்னை அழைக்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான்.

இங்கே சின்ன வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பொறுமை என்றால் அடி வாங்கிக்கொண்டு வாய்மூடி அழுவது என்று எண்ணிவிடாதீர்கள். யாராவது உங்களை அடித்தாலும், சாப்பாட்டைப் பறித்தாலும், தினமும் கேலி செய்து அழவைத்தாலும் சிஸ்டரிடமோ டீச்சரிடமோ அம்மாவிடமோ உடனே சொல்லிவிடுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. ஜானின் பொறுமையில் நான் காண்பது வேறு. அவன் இளவரசரின் நெருங்கிய தோழன். நினைத்திருந்தால் அந்தச் செல்வாக்கை வைத்துக்கொண்டு தானும் நாலு பேரைச் சேர்த்து எதிரிகளைப் படாத பாடு படுத்தியிருக்கலாம். அப்படி அவன் செய்யவில்லை. தன் செபத்தையும் விடவில்லை. பயந்தவனாக இருந்தால் முதல் வாரத்திலேயே அவர்கள் போக்குக்கு மாறியிருப்பான் அல்லவா?

பதினோரு வயதளவில் அவனுக்குக் கடும் நோய் கண்டது. பிழைக்கமாட்டான் என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தால் ஓராண்டு முழுவதும் சேசு சபையாரின் அங்கியை அணியச் செய்வதாக வேண்டுதல். மகன் பிழைத்தான். பட்டாடை அணிந்த பிள்ளைகளுக்கு நடுவே கறுப்பு அங்கியில் ஒரு சிறுவன் ஓராண்டு நடமாடினான். முன்பே கேலிக்கு ஆளானவன் இப்படி ஓர் உடையிலும் வந்து நிற்க எவ்வளவு துணிவு வேண்டும்! இம்முறை கிடைத்த பெயர் குட்டி அப்போஸ்தலர். இதில் கேலி எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கலந்திருக்கலாம்.

ஓராண்டு முடிந்து அங்கியைக் கழற்றிய பிறகும் அவன் மனம் அதிலேயே நின்றது. 1662-இல், பதினைந்து வயதில், என் வயதில், அவர் சேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் குருப்பட்டம் பெற்று அதே ஆண்டு கோவாவுக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்தார். தமிழ் கற்றார், அருளானந்தர் ஆனார். காவி உடுத்து, புலால் நீக்கி, கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார். ஒடுக்கப்பட்ட மக்களிடமும் எளிதாகச் செல்லக்கூடிய பண்டாரசுவாமியாகவே அவர் வாழ்ந்தார்.

1686-இல் மறவ நாட்டுக்குள் வந்தபோது உபதேசியார்களுடன் பிடிபட்டார். சங்கிலியால் பிணைத்தார்கள், அடித்தார்கள், நீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தார்கள். கடைசியில் இராமநாதபுரத்தில் ரகுநாத கிழவன் சேதுபதி அவரை நேரில் அழைத்து விசாரித்தார். அவர் சொன்னவற்றைக் கேட்டு, இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுதலை செய்தார்.

பின்னர் சபை வேலையாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லிஸ்பன் திரும்பியபோது பழைய இளவரசர் பேத்ரோ இப்போது அரசர்! வேதசாட்சி என்று பெயர் வாங்கிய சிறுவன் மெய்யாகவே விலங்குத் தழும்புகளோடு அதே அரண்மனையில் வந்து நின்றான். சிறுவயதில் பரிகசித்தவர்கள் யாரேனும் அன்று அங்கிருந்தால் எங்கே முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று என் மனம் கேட்கிறது. அரசர் அவரை அங்கேயே தங்கச் சொன்னார், தம் மகனுக்கு ஆசிரியராக இருக்கும்படி வேண்டினார். வயதான தாயும் விடமாட்டேன் என்றார். அருளானந்தரோ அங்கும் தரையில் படுத்தார், மறவ நாட்டு வழக்கப்படியே சோறும் காய்கறியும் உண்டார். 1690-இல் மறுபடியும் கப்பலேறிவிட்டார். நட்புக்காகவும் அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி நடந்தது நம் மண்ணில் நடந்தது. தடியத்தேவர் என்னும் மறவர் தலைவர் கடும் நோயிலிருந்து குணமடைந்து மறையில் சேர விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டுமே வாழவேண்டும் என்று அருளானந்தர் சொன்னார். மற்றவர்களின் பிழைப்புக்கு வழிசெய்து அவர்களைத் தேவர் விலக்கிவைத்தார். 1693-ஆம் ஆண்டு மூன்றரசர் திருநாளன்று அவருக்கு ஞானஸ்நானம். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கடலாயி என்பவள். அவள் சேதுபதியின் உறவுப் பெண். அழுதுகொண்டு அரசரிடம் போய் முறையிட்டாள்.

பிரசங்கங்களில் கடலாயியைக் கொடியவள் என்று கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. திருமணமும் அவளைக் கேட்டு நடந்திராது, பிரிவும் அவளைக் கேட்டு நடக்கவில்லை. உள்ளே காயம் பட்டவள் வெளியே காயப்படுத்தினாள். செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சிஸ்டர் இதைத் திருத்தினாலும் திருத்தட்டும்.

ஜனவரி 8-ஆம் நாள் அருளானந்தரைக் கைது செய்தார்கள். இராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலகம் மூளும் என்று, ஓரியூரில் இருந்த தம் தம்பி உடையத்தேவரிடம் அரசர் அனுப்பினார். சிறையில் எழுத மை இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பால் தம் சபைச் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் கசப்பு இல்லை. அது பிப்ரவரி 3. மறுநாள் விபூதிப் புதன். பாம்பாற்றங்கரையில் முழந்தாளிட்டுச் செபித்தபின் எழுந்து, தம்மை வெட்ட வந்தவனைக் கட்டித் தழுவி, உனக்கு இட்ட வேலையைச் செய் என்று சொன்னதாக வரலாறு. அரண்மனைப் பிள்ளைகளிடம் காட்டிய அந்தக் குணம் நாற்பத்தைந்து வயதிலும் மாறவில்லை. 1947 ஜூன் 22-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இன்று ஓரியூருக்கு இந்துக்களும் திரள்கிறார்கள். அவரைக் கொன்ற மறவ நாட்டின் மக்களே அவரைத் தங்கள் வீட்டுத் தெய்வமாக எண்ணி நேர்ச்சை செலுத்துகிறார்கள்.

ஏன் இதை எழுதினேன் என்று சொல்வதாகக் கூறினேன். நான் நான்காம் வகுப்பு படித்தது வேறோர் ஊரில். அங்கே இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, எழுத்துக் கூட்டிக் கூட்டி மெதுவாக வாசிப்பாள். நானும் என் தோழியர் இருவரும் அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்தோம். தண்ணீர்ப் பானையருகே, கோயில் வரிசையில், பள்ளி விட்டுப் போகும் வழியில், பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் அழவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள். ஒருநாள் மழையில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. தோழியர் சிரித்துக்கொண்டே முன்னால் ஓடிவிட்டார்கள். பின்னால் வந்த அந்தச் சிறுமி, தன் கிழிந்த சட்டைக் கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பின் அவளை அந்தப் பெயரால் நான் அழைக்கவில்லை. மற்றவர்கள் அழைத்தபோது தடுக்கவும் இல்லை. அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் இங்கே வந்துவிட்டோம். மன்னிப்புக் கேட்கவே இல்லை.

சென்ற முறை ஓரியூர் போனபோது, செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு அவளுக்காகச் செபிக்க நினைத்தேன். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நத்தை என்றே நாவில் வந்தது. கூட்டம் தள்ளிக்கொண்டு போக, சற்று நேரம் அங்கேயே நின்று யோசித்த பிறகுதான் அவளுடைய உண்மையான பெயர் நினைவுக்கு வந்தது.