உப்பளத்திலும் வேலை பார்த்த கவிஞர்

எங்க ஊர் அனுமந்தை. மரக்காணத்துல இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில வந்தா உப்புக் குவியல்கள் தெரியும், நிறைய பேர் வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. அந்தப் பாத்திகள்ல முப்பது வருஷம் உப்பு வாரினவங்க எங்க ஆயா. முதல் வருஷம் ஹாஸ்டல்ல கேட்டப்போ, குடும்பத்துக்கு உப்பு பிசினஸ்னு சொல்லி வச்சேன். இதைப் படிக்கிற ரூம்மேட்ஸ் மன்னிக்கவும்.

ஆயா வேலை நேரத்துல ஒரு பாட்டு பாடுவாங்க. உப்பு இவ்வளவு விளைஞ்சும் நமக்கு என்ன மிஞ்சுச்சுன்னு ஒரு பொம்பளை தன் ஆளைக் கேக்குற மாதிரி வரும். அது ஊர்ப் பாட்டுன்னுதான் நினைச்சிருந்தேன். போன வருஷம்தான் யூடியூப்ல தெரிஞ்சுது: 1958-ல வந்த 'நாடோடி மன்னன்' படப் பாட்டு. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். விளைநிலம் வர்ற இடத்துல ஆயா உப்பளத்தை வச்சுப் பாடியிருக்காங்க!

அவர் பிறந்தது 1930 ஏப்ரல் 13, பட்டுக்கோட்டை பக்கத்துல செங்கப்படுத்தான்காடு கிராமம். அப்பா அருணாசலம் பிள்ளையே கும்மிப் பாட்டு கட்டுறவர். பள்ளிப் படிப்பு ரொம்பக் குறைவு. அவர் 17 தொழில் பார்த்ததா சொல்வாங்க: மாடு மேய்க்கிறது, நண்டு பிடிக்கிறது, இட்லி, முறுக்கு, மாம்பழம் விக்கிறது, தண்ணி வண்டி ஓட்டுறது. அந்தப் பட்டியல்ல உப்பளத் தொழிலாளின்னும் இருக்கு. அதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன். (நமக்கு ஒரு பக்க ரெஸ்யூமே நிரம்ப மாட்டேங்குது.)

அப்புறம் விவசாயிகள் இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி, நாடக மேடை. புதுச்சேரியில பாரதிதாசன்கிட்ட இருந்து தமிழ் கத்துக்கிட்டார். எங்க ஊர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல போற இடம்.

1950-களின் நடுவுலதான் சினிமா. டூயட்னா காதல் வசனம்தான்னு இருந்த இடத்துல அவர் கூலிக் கணக்கைக் கொண்டு வந்தார். அவ கேக்குறா, அவன் காலம் மாறும்னு தேத்துறான். கோஷமா இல்லாம, வீட்டுத் திண்ணையில பேசிக்கிற மாதிரிதான் இருக்கும். காதலிலும் அதே நேர்மை. 1959-ல வந்த 'கல்யாணப் பரிசு'ல ஒரே தீபாவளி மெட்டு ரெண்டு தடவை வரும். முதல் தடவை பி. சுசீலா குரல்ல சந்தோஷம். அடுத்தது ஏ. எம். ராஜா குரல்ல, இழந்தவனோட வேதனை. ரெண்டுமே இவர் வரிகள். அழுகையை அலங்காரம் பண்ணவே மாட்டார்.

1957-ல கௌரவாம்பாளோட கல்யாணம். 1959 அக்டோபர் 8-ல இறந்துட்டார். வயசு 29. மகன் அப்போ கைக்குழந்தை. 'திருடாதே', 'அரசிளங்குமரி' ரெண்டும் வெளிவந்தது 1961-லதான். தன்னோட பாட்டைத் திரையில அவர் பார்க்கல.

1993-ல தமிழக அரசு அவர் பாடல்களை நாட்டுடைமை ஆக்குச்சு. எங்க ஆயாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவங்க அதுக்கு முன்னாடியே வார்த்தையை மாத்திப் பாடிக்கிட்டுத்தான் இருந்தாங்க.