மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்டு 31, 1870 – மே 6, 1952) இத்தாலிய மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். மாண்ட்டிசோரி கல்வி முறையை உருவாக்கியவர் இவரே. குழந்தையின் மனத்தைக் கூர்ந்து நோக்கி உதவக்கூடிய ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னையிலும் கொடைக்கானலிலும் தங்கி இப்பணியைத் தொடர்ந்தார்.

இளமையும் கல்வியும்

மாண்ட்டிசோரி இத்தாலியின் கியராவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். பொறியியல் கற்கும் நோக்குடன் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தவர், பின்னர் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1896 ஆம் ஆண்டு உரோமைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர், படிப்பில் இடர்ப்படும் குழந்தைகளுக்கான உளவியல் மருத்துவ மனையைத் தொடங்கினார். பள்ளி உளவியலின் தொடக்கமாக இது கருதப்படுகிறது.

ஆசிரியர்களுக்கான முதல் பள்ளி

பட்டம் பெற்றபின் மாண்ட்டிசோரி பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை அங்கு கண்டார். ழான் இத்தார், எதுவார் செகுவின் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைக் கற்று, இக்குழந்தைகளுக்கு மருந்தைவிடக் கல்வியே முதன்மையாகத் தேவை என்ற முடிவுக்கு வந்தார்.

அதற்கு முதலில் ஆசிரியர்கள் ஆயத்தமாக வேண்டும். 1900 ஆம் ஆண்டு உரோமையில் இத்தகைய ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. மாண்ட்டிசோரி அதன் இணை இயக்குநரானார். முதல் வகுப்பில் 64 ஆசிரியர்கள் சேர்ந்தனர். உளவியல், நரம்பு மண்டலத்தின் அமைப்பும் இயக்கமும், மனவளர்ச்சிக் குறைபாட்டின் காரணங்கள், சிறப்புக் கற்பித்தல் முறைகள் ஆகியன பாடங்களாயின. குழந்தைகளுடன் நேரடியாகப் பழகிக் கற்க ஒரு மாதிரி வகுப்பும் உடன் அமைக்கப்பட்டது. அங்குப் பயின்ற குழந்தைகளுள் சிலர் பொதுத் தேர்வுகளிலும் தேறினர்.

குழந்தைகள் இல்லம்

1905 ஆம் ஆண்டு ஆல்பிரெட் பினே நுண்ணறிவு அளவுகோலை வெளியிட்டார். சிறப்பு உதவி தேவைப்படும் குழந்தையை அடையாளம் காண அது பயன்பட்டது. அடையாளம் கண்ட பின் செய்ய வேண்டியது என்ன என்பதே மாண்ட்டிசோரியின் வினாவாக இருந்தது. 1907 சனவரி 6 அன்று உரோமையின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தாம் வகுத்த கருவிகளை இயல்பான குழந்தைகளிடமும் பயன்படுத்தினார். குழந்தை தானே தேர்ந்து செயல்பட, ஆசிரியர் கவனித்துத் தேவையான இடத்தில் மட்டும் உதவினார்.

பயிற்சி முறை

1909 இல் சுமார் நூறு பேருக்கு முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார். 1913 இல் உரோமையில் முதல் பன்னாட்டுப் பயிற்சி நடைபெற்றது. 1919 இல் இலண்டனில் நடந்த பயிற்சியில் விரிவுரைக்கு 50 மணி, கருவிகளைக் கையாள 50 மணி, வகுப்பறையைக் கவனிக்க 50 மணி என நேரம் பகுக்கப்பட்டது. கேட்பதற்கு இணையாகக் கவனிப்பதற்கும் இடமளித்தது இதன் சிறப்பு.

தமிழ்நாட்டில்

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 இன் இறுதியில் மகன் மரியோவுடன் சென்னை வந்தார். அடையாற்றில் நடந்த பயிற்சியில் இந்தியாவெங்கிலுமிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அவர் இத்தாலியத்தில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 இல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய அரசு இத்தாலியரைப் பகை நாட்டவராக அறிவித்தது. மரியோ சிறை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மாண்ட்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை எழுபதை நெருங்கியிருந்தது. சுமார் இரண்டு மாதங்களில் மரியோ விடுவிக்கப்பட்டார். பின்னர்ப் பயிற்சிக்காகப் பயணம் செய்ய அவர்களுக்கு இசைவு கிடைத்தது.

போர்க் காலத்தில் கொடைக்கானலில் பல அகவைக் குழந்தைகளும் ஒன்றாகப் பயின்ற பள்ளியை நடத்தினார். ஆறு முதல் பன்னிரண்டு அகவையினருக்கான கல்வித்திட்டம் இங்கு விரிவு பெற்றது. 1944 இல் இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். 1946 இல் ஐரோப்பா திரும்பும் முன் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்திருந்தார்.

திறனாய்வும் தாக்கமும்

இவரது கருவிகள் குழந்தையின் கற்பனைக்கு இடம் தரவில்லை என அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914 இல் குறை கூறினார். பிற ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் உரிமையை மாண்ட்டிசோரி பெரும்பாலும் தம்மிடமே வைத்துக்கொண்டதும் சர்ச்சைக்குள்ளானது. இதனால் பயிற்சியின் தரம் காக்கப்பட்டது. ஆனால் பரவும் வேகம் குறைந்தது. அவர் மறைவுக்குப் பின் 1967 இல், மாண்ட்டிசோரி என்பது பொதுப்பெயரே என அமெரிக்க வணிகச்சின்ன அமைப்பு தீர்ப்பளித்தது. முறையான பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத பள்ளிகளும் இன்று இப்பெயரைத் தாங்கியிருப்பதைக் காணலாம்.

குழந்தை உளவியலாளர் ழான் பியாசே சுவிசு மாண்ட்டிசோரி கழகத்தின் தலைவராக இருந்தார். எரிக் எரிக்சன் மாண்ட்டிசோரி பட்டயம் பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மறைவு

1949 முதல் 1951 வரை மூன்று முறை அமைதிக்கான நோபல் பரிசுக்கு மாண்ட்டிசோரி முன்மொழியப்பட்டார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நூர்துவெய்க் நகரில் காலமானார். மரியோ அவரது பயிற்சிப் பணியைத் தொடர்ந்தார்.